நாய்க்குச் சாக்லேட் கொடுக்கலாமா?

இல்லமும் நலமும்



பிறந்தநாளோ பெருவிழாவோ வந்துவிட்டால் நம் இல்லங்களில் முதலில் குதூகலம் கொள்பவர்கள் குழந்தைகள். அவர்களுக்கு அடுத்தபடியாக மகிழ்ச்சியில் திளைப்பது, வாசற்படியருகே வாலை ஆட்டியவாறு காத்து நிற்கும் வளர்ப்பு நாய் என்றே கூறலாம். கைக்கு வந்த சாக்லேட்டில் பாதியைத் தான் தின்று, மறுபாதியை அந்த நாய்க்கு ஊட்டி மகிழும் சிறுவரைச் சங்கராபுரத்துத் தெருக்களிலும் காணலாம், சென்னை மாநகரத்து மாடி வீடுகளிலும் காணலாம். "பிள்ளைக்கு எவ்வளவு இரக்க மனம்!" என்று பெற்றோரும் உளம் பூரிக்கின்றனர்.

அந்த இரக்கத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், இரக்கத்தோடு அறிவும் சேராவிடில் அன்பே தீங்காய் முடிவதுண்டு. நமக்குத் தித்திப்பாயிருக்கும் சாக்லேட் நாயின் உடலுக்கு நஞ்சு. இதனைச் சொன்னவுடன் பலரும் கூறும் மறுமொழி ஒன்று உண்டு. "நாங்கள் எத்தனையோ முறை கொடுத்திருக்கிறோம், எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்பதே அது. அவர்கள் கூறுவது பொய்யன்று. பல முறை ஒன்றும் ஆகாமல் போவது உண்மையே. ஏன் ஒன்றும் ஆகவில்லை, எப்பொழுது ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால்தான் நம் வீட்டுக் காவலனை நாம் காக்க இயலும். எனவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

ஒருவருக்கு உணவு, மற்றொன்றுக்கு நஞ்சு

கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர்களுக்கு இந்த உண்மையை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளிலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் மரவள்ளி பயிரிடுவோர் பலர். அதன் கிழங்கை வேகவைத்து நாம் உண்கிறோம்; சவ்வரிசி ஆக்கிப் பாயசத்தில் இடுகிறோம். ஆனால் அதே செடியின் பச்சை இலையை ஆடு மேய்ந்துவிட்டால், சிறிது நேரத்திற்குள் மூச்சுத் திணறி விழுந்து மடிவதுண்டு. இலையில் மறைந்திருக்கும் பொருள் ஆட்டின் வயிற்றில் சயனைடு என்னும் கொடிய நஞ்சாக மாறுவதே அதற்குக் காரணம். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு திடீரென விழுவதும் இதே காரணத்தினால்தான். ஆகவே மரவள்ளித் தோட்டத்தருகே ஆட்டைக் கட்டும்பொழுது கயிற்றின் நீளத்தை அளந்து கட்டுகிறோம்.

இதற்கு மறுதலையாகவும் ஒரு செடியைக் காட்டலாம். இருமலுக்குக் கசாயம் வைக்கும் ஆடாதொடை இலையை நாம் அறிவோம். ஆடு தொடாத இலை என்பதே அப்பெயரின் பொருள். நமக்கு மருந்தாகும் அந்த இலையை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். அதன் நாக்கே அதற்குக் காவல்.

நாய்க்கோ சாக்லேட் விஷயத்தில் அத்தகைய காவல் இல்லை. பூனைக்கு இனிப்புச் சுவையை உணரும் ஆற்றல் இல்லை. அதற்கு வேண்டிய மரபணு பூனையினத்தில் செயலற்றுக் கிடக்கிறது என்று 2005-ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர். ஆதலால் பூனை சாக்லேட்டை நாடிச் செல்வது அரிது. நாய் அப்படியன்று. இனிப்பை நன்கு சுவைத்து அறியும். கொழுப்பின் மணத்தையும் விரும்பும். கிடைத்ததை மென்று பாராமல் விழுங்கும் இயல்பும் அதற்கு உண்டு. காகிதத்தோடும் பளபளக்கும் உறையோடும் பெட்டி முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் ஓயும். நஞ்சைத் தானே விலக்கத் தெரியாத உயிருக்கு, அதனை வளர்ப்பவரே அறிவாயிருத்தல் வேண்டும்.

நஞ்சு யாது?

சாக்லேட்டின் மூலப்பொருள் கோக்கோ மரத்தின் விதை. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளில் தோன்றிய அம்மரம் இன்று நம் மாநிலத்திலும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. 1753-ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் லின்னேயசு அதற்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். தெய்வங்களின் உணவு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 1841-இல் ரஷ்ய வேதியியலார் வொஸ்கிரெசென்ஸ்கி கோக்கோ விதையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். மரத்தின் பெயரையொட்டி அது 'தியோபுரோமின்' எனப்பட்டது. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீனுக்கு இது நெருங்கிய உறவு. சாக்லேட்டில் காஃபீனும் சிறிதளவு உண்டு.

நாம் சாக்லேட் தின்றால் நமது கல்லீரல் தியோபுரோமினைச் சிதைத்து விரைவாக வெளியேற்றிவிடுகிறது. நாயின் உடல் இவ்வேலையை மிக மெதுவாகச் செய்கிறது. உட்சென்ற தியோபுரோமினில் பாதி வெளியேறுவதற்கே ஏறத்தாழ 17 அல்லது 18 மணி நேரம் ஆகிறது. அதாவது, இன்று மாலை தின்றதில் பாதி நாளை நண்பகல் வரையில் அதன் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாளைக் காலையில் மேலும் ஒரு துண்டு கொடுத்தால் பழைய மிச்சத்தோடு புதியதும் சேரும். தினந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் கெடுதல் இல்லை என்று எண்ணுவோர் இதனை நினைவில் இருத்துதல் நலம்.

இவ்வாறு தேங்கும் தியோபுரோமின் நாயின் இதயத்தை மிகையாகத் துடிக்கச் செய்கிறது. நரம்புகளை ஓய்வின்றித் தூண்டுகிறது. தசைகளை நடுங்க வைக்கிறது. அளவு மிகுந்தால் வலிப்பு உண்டாகி இதயம் நின்றுவிடவும் கூடும்.

"ஒன்றும் ஆகவில்லையே!"

இனி, முன்பு கூறிய மறுமொழிக்கு வருவோம்.

நம் பேச்சு வழக்கில் 'சாக்லேட்' என்னும் சொல் மிகப் பரந்த பொருளுடையது. காகிதத்தில் சுற்றிய எந்த இனிப்பையும் நம் பிள்ளைகள் சாக்லேட் என்றே அழைக்கின்றனர். சங்கராபுரம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த நாட்களில், அதே மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தார் செய்த மிட்டாய்கள் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை சென்றன. அவற்றையும் நாம் சாக்லேட் என்றே சொல்லி வந்தோம். பிறந்தநாளன்று பள்ளியில் வழங்கும் மிட்டாய்களில் பலவும் சர்க்கரை, பால், பழமணம் சேர்ந்தவையே. அவற்றில் கோக்கோ இராது. இருந்தாலும் மிகச் சொற்பம். அத்தகைய மிட்டாய் ஒன்றைத் தின்ற நாய்க்கு ஒன்றும் ஆகாததில் வியப்பில்லை. சர்க்கரையினால் பல்லும் உடலும் கெடுமேயன்றி, அது கோக்கோ நஞ்சு ஆகாது.

ஆனால் காலம் மாறிவிட்டது. இன்று சிற்றூர்க் கடைகளிலும் உண்மையான பால் சாக்லேட் கட்டிகள் விற்கப்படுகின்றன. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று வருவோர் வீட்டுத் தயாரிப்புக் கருஞ்சாக்லேட்டுகளைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருகின்றனர். வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் பெட்டி பெட்டியாய் அனுப்புகின்றனர். வீட்டிலேயே கேக் செய்யும் வழக்கம் பரவியதால், கோக்கோத் தூள் அடுக்களை அலமாரியில் இடம்பெற்றுவிட்டது. பழைய மிட்டாயைத் தின்று பிழைத்த நாய், புதிய சாக்லேட்டைத் தின்றும் பிழைக்கும் என்பதற்கு என்ன உறுதி? சொல் ஒன்றாயிருப்பினும் பொருள் வேறு.

எந்தப் பொருளில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்பதை இல்லத்தரசியர் நினைவில் கொள்ளும் வண்ணம் எளிய கணக்காகத் தருகிறோம். வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லையென்றே சொல்லலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம். கருஞ்சாக்லேட்டில் கிராமுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். கேக் செய்யப் பயன்படும் இனிப்பிடாத சாக்லேட்டில் 15 மில்லிகிராம் அளவு. கோக்கோத் தூளில் 25 மில்லிகிராமுக்கும் அதிகம். நிறம் கறுக்கக் கறுக்க, கசப்பு ஏற ஏற, ஆபத்தும் ஏறுகிறது என்பது பொது விதி.

அடுத்து நாயின் எடையைப் பார்க்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சேர்ந்தால் வாந்தி, பேதி, மிகுதாகம் ஆகியவை தோன்றலாம். 40 முதல் 50 மில்லிகிராம் என்றால் இதயம் தாக்கப்படும். 60 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் வலிப்பு காணும்.

பொமரேனியன் போன்ற 5 கிலோ எடையுள்ள சிறு நாயை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தொல்லை தொடங்க 100 மில்லிகிராம் போதும். பால் சாக்லேட்டானால் 50 கிராம். கருஞ்சாக்லேட்டானால் 20 கிராம். கோக்கோத் தூளானால் வெறும் 4 கிராம். இதைப்போல் மூன்று மடங்கு உட்சென்றால் அந்நாய் வலிப்புக்கு ஆளாகும். 15 கிலோ எடையுள்ள நம் நாட்டு நாய்க்கு இவ்வளவுகள் எல்லாம் மும்மடங்காகும். ஆகவே அது ஒரு சிறு துண்டு பால் சாக்லேட்டைத் தின்றுவிட்டு வழக்கம்போல் ஓடியாடுகிறது.

அதே நாட்டு நாய், 50 கிராம் கோக்கோத் தூள் இட்டுச் செய்த கேக்கில் பாதியை அடுக்களையில் புகுந்து தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்சென்ற தியோபுரோமின் 600 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 40 மில்லிகிராம். இதயத்தைத் தாக்கும் அளவை அது எட்டிவிட்டது. ஐந்தாண்டுகளாக ஒன்றும் ஆகாத அதே நாய்க்கு ஒரே இரவில் உயிர் ஊசலாடுகிறது.

இதுவும் சராசரிக் கணக்கே என்பதை மறத்தலாகாது. குட்டிகளுக்கும் முதிய நாய்களுக்கும் இதய நோயுள்ளவற்றுக்கும் இதைவிடக் குறைந்த அளவே தீங்கு செய்யலாம். ஆதலின் இக்கணக்கு 'இவ்வளவு வரை கொடுக்கலாம்' என்பதற்கு அன்று. தவறித் தின்றுவிட்டால் எவ்வளவு விரைந்து செயற்பட வேண்டும் என்று அறிவதற்கே.

பெருவிழாக் காலத்து எச்சரிக்கை

இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் பல்கலைக்கழகத்தார், 2012 முதல் 2017 வரையில் அந்நாட்டின் 229 கால்நடை மருத்துவ நிலையங்களில் பதிவான குறிப்புகளை ஆராய்ந்தனர். சாக்லேட் தின்று கொண்டுவரப்பட்ட நாய்கள் தொடர்பாக 386 நிகழ்ச்சிகளை அவர்கள் கண்டனர். ஏனைய நாட்களைக் காட்டிலும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி இந்த ஆபத்து நான்கு மடங்காகவும், உயிர்ப்பு விழாவையொட்டி இரு மடங்காகவும் இருந்தது என்று 2017 டிசம்பரில் வெளியிட்டனர்.

நம் இல்லங்களிலும் அந்நாட்களில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு வீட்டார் அனைவரும் சென்றுவிடுகின்றனர். கேக்கும் இனிப்புப் பெட்டிகளும் தாழ்வான மேசைமீதோ, குடிலின் அருகிலோ இருக்கின்றன. வீட்டைக் காக்க விட்டுச்சென்ற நாய் தனித்திருக்கிறது. திரும்பி வந்ததும் வெறும் காகிதங்களைக் கண்டு சிரித்துவிட்டு, "போகட்டும், அதற்கும் விழாத்தானே!" என்று படுத்துவிடுகிறோம். விடியற்காலையில் அந்த நாய் நடுங்கத் தொடங்குகிறது.

அறிகுறிகள்

சாக்லேட்டின் தீங்கு உடனே வெளிப்படுவதில்லை. தின்றதற்கு 6 முதல் 12 மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தோன்றும் என்பது பொதுவாகக் காணப்படுவது. ஆகையால் 'ஒரு மணி நேரம் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது' என்பது ஆறுதலுக்கு உரியதன்று.

முதலில் நாய் மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும். வாந்தியும் பேதியும் காணும், வயிறு உப்பும். ஓரிடத்தில் நில்லாது அங்குமிங்கும் உலவும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். பின்னர் மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், கால்கள் தடுமாறும், தசைகள் துடிக்கும். முற்றிய நிலையில் உடல் கொதித்து, வலிப்பு கண்டு, நினைவிழக்கும். இத்தொல்லை மூன்று நாட்கள் வரை நீடிக்கக்கூடும். கேக்கிலும் சாக்லேட்டிலும் உள்ள மிகுந்த கொழுப்பினால் கணையம் வீங்கிச் சில நாட்களுக்குப் பின் வேறு தொல்லை தொடங்குவதும் உண்டு. விழுங்கிய உறைக் காகிதம் குடலை அடைத்துக்கொள்வதும் உண்டு.

இங்கு ஒரு முக்கியச் செய்தியைக் கூறியாக வேண்டும். நடுங்கி, எச்சில் ஒழுக, நிலைகொள்ளாமல் ஓடும் நாயைக் கண்டால் நம் ஊரார், "வெறி பிடித்துவிட்டது" என்று கல்லும் தடியும் எடுத்துவிடுவர். உரிய மருத்துவம் பெற்றால் பிழைத்திருக்கக்கூடிய உயிர் அடிபட்டு மாளலாம். எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. சாக்லேட்தான் காரணம் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு, தடுப்பூசி போடாத நாயின் வாய்க்குள் கையை விடுதலும் பேராபத்து. வெறிநோய் மனிதரைக் கொல்லும் நோய். எனவே நாயைக் கட்டி அல்லது ஓர் அறையில் அடைத்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, மருத்துவரை அணுகுக. கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போட்டு வைத்திருந்தால் இத்தகைய வேளையில் பெருங்குழப்பம் நீங்கும்.

செய்ய வேண்டுவன, செய்யத் தகாதன

நாய் சாக்லேட் தின்றுவிட்டது என்று அறிந்தவுடன் எஞ்சிய துண்டுகளை அகற்றுக. உறைக் காகிதத்தை எறிந்துவிடாமல் எடுத்து வைக்க. எந்த வகைச் சாக்லேட், ஏறத்தாழ எவ்வளவு, எப்பொழுது தின்றது, நாயின் எடை என்ன என்ற நான்கு விவரங்களையும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருத்தல் கூடாது. தின்ற ஓரிரு மணி நேரத்திற்குள் கொண்டுசென்றால் மருத்துவர் ஊசிமூலம் வாந்தியெடுக்கச் செய்து, பெரும்பகுதியை வெளியேற்றிவிட இயலும்.

தியோபுரோமினை முறிக்கும் மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. நஞ்சு உடலைவிட்டு நீங்கும் வரையில் உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. குடலில் எஞ்சியதை உறிஞ்சிக்கொள்ள மருத்துவத்திற்கென்று தயாரித்த தனிவகைக் கரித்தூள் கொடுப்பர். இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றுவர். இதயத் துடிப்புக்கும் வலிப்புக்கும் ஏற்ற மருந்தளிப்பர். சிறுநீர்ப்பையில் தங்கும் தியோபுரோமின் அதன் சுவர் வழியே மீண்டும் இரத்தத்தில் கலக்கக்கூடியது. ஆதலால் குழாய் வைத்துச் சிறுநீரை அகற்றுவதும் உண்டு. தேறிவரும் நாயை அடிக்கடி வெளியே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்வது வீட்டார் செய்யக்கூடிய நல்ல உதவி.

நஞ்சுண்டவருக்கு உப்புநீரையோ, சோப்புக் கரைசலையோ, புளிக் கரைசலையோ புகட்டும் பழக்கம் நம்மிடையே சிலருக்கு உண்டு. நாய்க்கு இவற்றைச் செய்தல் ஆகாது. மிகுந்த உப்பு தானே நஞ்சாகி மூளையைப் பாதிக்கும். புளியின் தீங்கைப் பின்னர்க் கூறுவோம். நடுங்கும் அல்லது மயங்கிய நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் புகுந்து மூச்சை அடைத்துவிடும். அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்பதும் பயன் தராது. மனிதருக்குரிய மாத்திரைகளைத் தொடவும் வேண்டாம்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எது, அதன் நேரம் என்ன என்பதை அமைதியான நாட்களிலேயே அறிந்து வைப்பது நன்று. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திச் சேவைக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு; அதன்மூலமும் வழி கேட்டறியலாம். சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அமைந்திருப்பது நம் பகுதியினருக்கு ஒரு நற்பேறு. ஆயினும் கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ அதற்கப்பாலுள்ள சிற்றூரிலோ வாழ்வோர் இரவு வேளையில் மலைப்பாதை இறங்கிக் கச்சிராயபாளையம் வந்துசேர்வதற்குள் பொன்னான நேரம் கழிந்துவிடும். மருத்துவர் தொலைவில் இருக்குமளவுக்கு, வருமுன் காத்தலின் அருமை பெரிது.

சாக்லேட்டோடு சேர்த்து விலக்க வேண்டியவை

விழாக்காலக் கேக்கில் கோக்கோ இல்லாவிடினும் உலர் திராட்சை இருக்கும். பாயசத்திலும் கேசரியிலும் நாம் இடும் திராட்சையும் அதுவே. திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு மற்றொரு நாயைக் கொன்றுவிடுவதால், இதில் பத்திரமான அளவு என்று எதையும் வரையறுக்க இயலாது. இதற்குக் காரணம் நெடுநாள் புதிராயிருந்தது. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிராணிகள் நச்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்று எடுத்துக்காட்டினர். புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேபோன்று சிறுநீரகம் பழுதுற்றதை அடுத்த ஆண்டில் வெளியிட்டனர்.

புளியின்றி நம் வீட்டில் ஒரு நாளும் சமையல் இல்லை. காலங்காலமாய்க் குழம்புச்சோறு உண்டு வாழ்ந்த நாய்கள் நம் தெருவில் உண்டு என்பதும் மெய்யே. அதனால் நாம் கலங்க வேண்டியதில்லை. ஆனால் கவனம் கொள்ளலாம். புளியுருண்டையும் கரைத்து எஞ்சிய சக்கையும் நாய்க்கு எட்டாதிருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குவன. எனவே குழம்பு ஊற்றிப் பிசைவதற்கு முன்பே நாயின் பங்கை வெறும் சோறாக எடுத்து வைத்துவிடுதல் எளிய வழி. காப்பித்தூள் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் கொல்லையில் கொட்டாமல் மண்ணில் புதைத்துவிடுக.

நீரிழிவு உடையோர் வாங்கும் சர்க்கரையில்லாத மிட்டாய்களிலும் மெல்லும் கோந்துகளிலும் 'சைலிட்டால்' என்னும் இனிப்பு சேர்ந்திருக்கலாம். சர்க்கரை இல்லையே என்று அதை நாய்க்குத் தருவது பெருந்தவறு. நாயின் இரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்திற்குள்ளாகவே வீழ்த்தி மயக்கமுறச் செய்வது அது. அளவு மிகுந்தால் கல்லீரலையும் அழிக்கும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"நாய்க்குக் கொடுக்காதே" என்று அதட்டினால் பிள்ளை மறைவாகக் கொடுக்கும். அன்றியும், பகிர்ந்து உண்ணும் நற்பண்பைத் தவறென்று நாமே கற்பித்ததாகிவிடும். "உன்னைப்போல் அதனால் சாக்லேட்டைச் செரிக்க முடியாது, அதன் இதயம் வலிக்கும்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது விளங்கும். நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. அதை நாயை இகழ்வதற்கென்று கொள்ளாமல், ஒவ்வோர் உயிரின் வயிறும் வெவ்வேறு என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

பின்னர், கொடுக்கத் தக்கதை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வேகவைத்த முட்டை, உப்பும் காரமும் இடாத இறைச்சித் துண்டு, வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, காரட், வாழைப்பழத் துண்டு, விதை நீக்கிய தர்ப்பூசணி ஆகியவற்றைச் சிறிதளவு தரலாம். கேழ்வரகுக் கூழோ மோர்ச்சோறோ உண்டு பழகிய நாய்க்கு அதுவே விருந்து. குழந்தையின் பிறந்தநாளன்று ஒரு முட்டையை வேகவைத்து, "இது உன் நாயின் பங்கு" என்று சொல்லி அதனிடமே ஊட்டச் செய்தால், பகிர்தலும் நிலைக்கும், பாதுகாப்பும் நிலைக்கும். விருந்தினரின் பிள்ளைகளுக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளையே இதனை எடுத்துச் சொல்லும் நாள் விரைவில் வரும்.

வரவிருக்கும் விழாவுக்குப் பலகாரம் செய்யும் நாளன்று, கேக்கும் சாக்லேட்டும் கோக்கோத் தூள் டப்பாவும் நாய்க்கு எட்டாத உயரத்தில், மூடியிட்டு வைக்கப்பட்டனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இரவெல்லாம் கண்விழித்து நம் வீட்டைக் காக்கும் உயிருக்கு நாம் செய்யவேண்டிய கைம்மாறு இவ்வளவே.